துரியோதனன் கால்சட்டை

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. இன்டர்வியூவுக்குப் போகும் நமக்கு இதை எல்லா ஆசிரியர்களும் சொல்லியிருக்கிறார்கள். சட்டையை உள்ளே விடு, ஷூவுக்குப் பாலிஷ் போடு, கலர் கலராகப் போட்டுக்கொண்டு போகாதே என்று. நான் எழுதப் போவது இன்டர்வியூ உடையைப் பற்றி அல்ல. சண்டை போடுகிறவன் காலில் போட்டுக்கொள்ளும் உடையைப் பற்றி. அதுவும் நிஜச் சண்டை இல்லை, வேஷம் கட்டிப் போடும் சண்டை. மலரில் கவிதை இருக்கும், அறிவியல் துணுக்கு இருக்கும், தன்னம்பிக்கைக் கட்டுரை இருக்கும். கால்சட்டை தைப்பது பற்றி ஒருத்தனும் எழுதியிருக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் ஊர் தென்னேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது. திரையன் ஏரி என்பதுதான் நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்று கல்வெட்டு படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்க பக்கத்துப் பெருமை என்றால் எல்லாரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையில் தேர்தல் நடத்தும் விதத்தைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த பெருமை அது. பாடத்தில் வராத பெருமை ஒன்று உண்டு. அதுதான் கூத்து.

கட்டை கட்டும் கூத்து

தெருக்கூத்து என்று வெளியில் சொல்வதை எங்க பக்கத்தில் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் ஜிகினாக் காகிதமும் ஒட்டியிருக்கும். கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள். இந்தக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஆடுவதால் கட்டைக்கூத்து. பங்குனி பிறந்தால் சீசன். ஆடி வரைக்கும் ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் வில்லிபாரதம் படித்துப் பிரசங்கம். ராத்திரியில் விடிய விடியக் கூத்து.

இதைச் சும்மா பழைய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்து வெளிநாடு வரை போயிருக்கிறது. 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் என்று கலைஞர்களே சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002ல் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். 2020ல் அது மூடப்படும் வரை பையன்களோடு பெண் பிள்ளைகளும் அங்கே பாடம் படித்துக்கொண்டே கூத்தும் கற்றார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த ஆட்டத்தில் இது பெரிய மாறுதல்.

என் அப்பா கூத்தாடுகிறவர். பகலில் கழனி வேலை, சீசனில் ராத்திரி வேஷம். இருபது வருஷமாக அவர் கட்டுவது துரியோதனன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஆனால் ஒரு ராத்திரி முழுக்கப் பாட வேண்டிய பாட்டும் வசனமும் அத்தனையும் மனப்பாடம். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் வீட்டில் என்னை 'இஞ்சினீரு' என்று கூப்பிடுவார்கள். கேலி பாதி, ஆசை பாதி.

தொடையில் இருக்கிற உயிர்

துரியோதனன் வேஷத்துக்கும் காலுக்கும் பெரிய சம்பந்தம் உண்டு. சூதாட்டச் சபையில் திரௌபதியைப் பார்த்துத் தன் தொடையைத் தட்டிக் காட்டினான். அந்தத் தொடையைப் பிளப்பேன் என்று பீமன் சபதம் செய்தான். கடைசி நாளில் கதைச் சண்டை. இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது கதை யுத்தத்தின் விதி. பீமன் விதியை மீறித் தொடையில் அடித்தான். அதைப் பார்த்த பலராமன் கோபித்துக்கொண்டு கலப்பையைத் தூக்கியதாகப் பாரதம் சொல்கிறது.

ஜனங்கள் சொல்லும் கதை இன்னொன்று உண்டு. காந்தாரி கண்கட்டை அவிழ்த்துத் தன் மகனைப் பார்த்தால், பார்த்த இடமெல்லாம் இரும்பாகிவிடும். அவனை அம்மணமாக வரச் சொன்னாள். வழியில் கிருஷ்ணன் பார்த்து, "இவ்வளவு பெரிய ஆளாயிட்டு அம்மா எதிர்ல இப்படியா போவே?" என்று சிரித்தான். துரியோதனன் வெட்கப்பட்டு இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு போனான். துணி மறைத்த இடம் மட்டும் இரும்பாகவில்லை. அதாவது, நண்பர்களே, துரியோதனன் செத்தது ஒரு கால் துணியால்! வியாச பாரதத்தில் இப்படி இல்லை. ஆனால் எங்க பக்கம் இந்தக் கதையைத் தெரியாத பாட்டி கிடையாது.

பதினெட்டாம் போர் ராத்திரி முழுக்க நடந்து முடியும். மறுநாள் படுகளம். கோயிலுக்கு எதிரே திடலில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுத்த கோலத்தில் செய்து வைத்திருப்பார்கள். அதன் தொடையில் சிவப்புத் தண்ணீர் மறைத்து வைத்திருக்கும். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் கதையை ஓங்கிக்கொண்டு அந்த மண் உருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் மண்தொடையில் அடித்ததும் ரத்தம் போலப் பீறிடும். அதை எடுத்துத் தடவித் திரௌபதிக்குக் கூந்தல் முடிவார்கள். சாயந்திரம் தீமிதி. இது பொழுதுபோக்கு இல்லை. சாமி காரியம்.

2023 வைகாசியில் ஒரு ஊரில் படுகளம். அந்த வருஷம் சீசனுக்கு வாங்கிய முன்பணத்தை அப்பா என் பரீட்சைக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுத்துவிட்டார். புது உடுப்பு எடுக்கவில்லை. பழைய பைஜாமாவையே போட்டுக்கொண்டு ஆடினார். ராத்திரி முழுக்க வேர்வையில் ஊறிய துணி. காலையில் வெயிலில் ஓடும்போது கவட்டில் கிழிந்து, கிழிசல் உள்தொடை வழியாக முழங்கால் வரை ஓடிவிட்டது. தொங்கிய துணி காலில் கட்டியிருந்த கெஜ்ஜையில் மாட்டியது. அப்பா முழங்கால் அடிபடக் குப்புற விழுந்தார். பீமன் இன்னும் கதையை ஓங்கவே இல்லை.

"பீமன் அடிக்கறதுக்கு முன்னாடியே துரியோதனன் வுழுந்துட்டான்டா!" என்று ஒருத்தன் கத்தினான். திடலே சிரித்தது. யாரோ அதை போனில் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். பேசிய பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். காரியம் கெட்டதாம்.

முழங்கால் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்த வருஷம் மிச்ச சீசனில் அப்பா துரியோதனன் கட்டவில்லை. சின்ன வேஷங்களை வாங்கிக்கொண்டார். கழனியில் வேலை செய்யும்போது பாடிக்கொண்டே இருக்கிற மனுஷன், பாட்டை நிறுத்திவிட்டார். அம்மா கேட்டதற்கு, "போதும், இஞ்சினீரு வேலைக்குப் போவட்டும். நான் கட்டையை எறக்கி வெச்சிடறேன்" என்றார். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. என் படிப்புக்கு விலையாக அப்பாவின் துரியோதனன் போகக்கூடாது என்று தோன்றியது.

போர்வீரன் காலில் என்ன போட்டான்?

சண்டைக்காரனின் கால் உடை எப்படித்தான் இருந்தது என்று தேடினேன். தெரிந்துகொண்டது சுவாரஸ்யமானது.

நம் ஊரில் வீரனின் உடை தைத்த உடை இல்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டும் கச்சை. காலில் வீரக்கழல். வேட்டியைப் பின்னால் செருகித் தார்ப்பாய்ச்சிக் கட்டினால் அதுவே தைக்காத கால்சட்டை. சிலம்பம் ஆடுகிறவர்கள் இன்றைக்கும் அப்படிக் கட்டுகிறார்கள். முழங்கால் வரை வரும் தைத்த உடுப்புக்கும் தமிழில் பேர் உண்டு. சல்லடம். திருநெல்வேலி பக்கம் சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவர்கள் இன்றும் சல்லடம் கட்டித்தான் ஆடுகிறார்கள். நீளமானதற்குச் சராய் என்று பேர். தாத்தாமார்கள் சொல்லும் நிஜாரும், நாம் சொல்லும் பைஜாமாவும் பாரசீகம், உருது வழியாக வந்த சொற்கள். பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடுப்பு.

தைத்த கால்சட்டை உலகத்தில் எப்படிப் பிறந்தது? குதிரையால் பிறந்தது என்கிறார்கள். மேற்குச் சீனாவில் தர்ஃபான் பக்கம் யாங்ஹாய் என்ற இடத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது கம்பளியில் நெய்த கால்சட்டை கிடைத்தது. வயது சுமார் 3000 வருஷம். அது மூன்றே துண்டு. காலுக்கு ஒன்றாக இரண்டு துண்டு, நடுவில் கவட்டுக்கு அகலமாக ஒரு துண்டு. துணியை வெட்டாமல் அந்த அளவுக்கே நெய்திருக்கிறார்கள். குதிரை மேல் காலை அகட்டி உட்காருகிறவனுக்குக் கவட்டில் துணி வேண்டும் என்பதை அந்த நெசவாளி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான்.

இன்னொரு செய்தி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் பெர்க்லியில் 1966ல் ஒரு குழு ஆரம்பித்தது. பழைய காலத்து ஐரோப்பிய உடுப்பைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு, பிரம்பில் செய்த வாளால் சண்டை போடுவது அவர்கள் விளையாட்டு. டாக்டர், வக்கீல், மாணவன் எல்லாரும் வாரக் கடைசியில் வீரனாகிவிடுகிறார்கள். கால்சட்டையையும் அவர்கள் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எங்க அப்பாவுக்கு அது விரதம். ஆனால் கிழிகிற இடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்!

முதல் வருஷ டிராயிங் வகுப்பு

கடையில் வாங்கும் பைஜாமா ஏன் கவட்டில் கிழிகிறது? இரண்டாம் ஆண்டில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்தவர்களுக்கு இது தெரியும். கூர்மையான மூலையில்தான் தகைவு வந்து குவியும். அதனால்தான் இரும்புப் பாகங்களில் உள்மூலையை வளைத்து விடுகிறோம். பைஜாமாவில் முன் தையல், பின் தையல், இரண்டு கால் தையல் நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. கூத்தில் அரைமண்டி போட்டுக் காலை அகட்டி, கிறுக்கி போட்டுச் சுழன்று சுழன்று ஆடும்போது இழுப்பு முழுக்க அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. துணி என்ன செய்யும்? அதோடு துணி நூல் ஓட்டத்தில் நீளாது, குறுக்கு மூலையாக இழுத்தால்தான் நீளும். கைக்குட்டையை எடுத்து இழுத்துப் பாருங்கள், புரியும்.

யாங்ஹாய்க்காரன் வழியே சரி என்று முடிவு செய்தேன். மூன்று துண்டு. நடுவில் சதுரத் துண்டை மூலைவாக்கில், அதாவது டைமன் மாதிரி வைக்க வேண்டும். நான்கு தையலும் ஒரு புள்ளியில் சேராமல் நான்கு மூலைக்குப் பிரிந்து போகும். இழுப்பு குறுக்கு மூலையாக விழுவதால் துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

காலின் வடிவம் என்ன? மேலே அகலம், கீழே குறுகல். தலை வெட்டிய கூம்பு! முதல் வருஷம் என்ஜினீயரிங் டிராயிங்கில் கூம்பை விரித்து வரைந்தோமே, தகரப் புனல் செய்ய. அதே கணக்கு. "இதெல்லாம் எங்கடா உபயோகப்படப் போவுது?" என்று நாம் கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டோமே, அந்தப் பாடம்தான்.

அப்பாவின் தொடைச் சுற்று 22 அங்குலம். ஆட 4 அங்குலம் தளர்வு சேர்த்து 26. கீழே குதிகால் நுழைய 13 வேண்டும். கவட்டிலிருந்து கணுக்கால் வரை 28. மேல்சுற்று கீழ்ச்சுற்றைப் போல் சரியாக இரண்டு மடங்கு. அதனால் கூம்பின் முழுச் சாய்நீளம் 28ன் இரண்டு மடங்கு, 56 அங்குலம். 56 ஆரத்தில் ஒரு வில், 28 ஆரத்தில் ஒரு வில். விரிகோணம் எவ்வளவு? 56 ஆரமுள்ள வட்டத்தின் முழுச்சுற்று கிட்டத்தட்ட 352. அதில் 26 என்பது 360 பாகையில் சுமார் 26½ பாகை. அவ்வளவுதான். மேல் வில்லின் நடுப்பகுதி ஓரத்தைவிட 1½ அங்குலம் உயர்ந்திருக்கும். நேர்கோட்டில் வெட்டினால் இந்த ஒன்றரை அங்குலம் வெளித்தொடைப் பக்கம் குறையும். உட்கார்ந்தால் இடுப்பு கீழே இழுக்கும்.

காம்பஸ் 56 அங்குலத்துக்குக் கிடையாது. அம்மாவின் கயிற்றில் சாக்பீஸ் கட்டி, ஒரு முனையை ஆணியில் மாட்டித் தரையில் வரைந்தேன். அதைச் செய்தித்தாள் ஒட்டிய காகிதத்துக்கு மாற்றி அச்சு எடுத்தேன். கவட்டுக்கு மேலே இடுப்பு வரை 12 அங்குலம் நேராக விட்டேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் வில்லைப் போட்டதும், "இது இன்னாடா, புனலா?" என்றார். "உங்க காலுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முழங்காலுக்குக் கீழ எறுக்கமா இருக்கணும்டா. தொளதொளன்னு இருந்தா கெஜ்ஜை எறங்கிடும். அதுல தாண்டா மாட்டிச்சி" என்றார். விழுந்ததைப் பற்றி அவர் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னபடி முழங்காலுக்குக் கீழே ஒரு நாடா வைத்தேன். கணக்கில் வராத அளவு அது. ஆடுகிறவனுக்குத்தான் தெரியும்.

தைத்த விதம்

விருப்பம் உள்ளவர்கள் செய்து பார்க்க, சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரி நாடகத்துக்கு ராஜா வேஷம் போடுகிறவர்களுக்கும் இது உதவும்.

ஒன்று: 36 அங்குல அகலமுள்ள காடாத் துணி 3 மீட்டர். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பாலியஸ்டர் வேண்டாம். வேர்வையை உறிஞ்சாது, ராத்திரி முழுக்கப் போட முடியாது. காடா சுருங்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சாயம் போடுவதானால் அதையும் இப்போதே. நிறம் எங்க வாத்தியார் சொன்னபடி சிவப்பு. அப்பாவின் முகப்பூச்சும் சிவப்புதான்.

இரண்டு: கால் துண்டு இரண்டையும் நீளவாக்கில், ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம், இடுப்பில் நாடா மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் விடவும். பக்கத்தில் மிஞ்சும் பட்டையில் கவட்டுத் துண்டு 8 அங்குலச் சதுரமாக ஒன்று கிடைக்கும். குறுக்கே அளந்தால் 11 அங்குலத்துக்கு மேல். காலை எவ்வளவு வேண்டுமானாலும் அகட்டலாம்.

மூன்று: முதலில் சதுரத்தின் இரண்டு பக்கத்தை ஒரு காலோடும், மற்ற இரண்டு பக்கத்தை அடுத்த காலோடும் சேர்க்க வேண்டும். பிறகுதான் உள்கால் தையலும், முன், பின் தையலும். எல்லாத் தையலையும் மடித்து இரட்டைத் தையலாகப் போடுங்கள். சட்டைத் தோளில் இருக்குமே, அந்த மாதிரி. சதுரத்தின் மூலைகளில் மட்டும் மூன்று முறை திரும்பத் தையுங்கள்.

நான்கு: இடுப்புக்கு எலாஸ்டிக் போடாதீர்கள். மேலே பாவாடையும் கட்டைகளும் கட்டும்போது எலாஸ்டிக் அழுத்தத்தில் உருண்டுவிடும். அகலமான நாடாதான் நல்லது.

மிஷின் எதிர்வீட்டு அக்காவுடையது. பெடல் மிஷின். "ஏன்டா தம்பி, பாலிடெக்னிக்ல இதையா சொல்லித் தராங்க?" என்று சிரித்தார். "இதையும்தான் அக்கா" என்றேன். தையலில் அவர்தான் என் வாத்தியார். சதுரத்தின் மூலையில் ஊசியைத் துணியில் இறக்கி வைத்துக்கொண்டு, கால் கட்டையைத் தூக்கித் துணியைத் திருப்பும் வித்தையை அவர்தான் காட்டிக் கொடுத்தார். நம்ம ஒர்க்ஷாப்பில் எந்த மிஷினும் அவ்வளவு பொறுமையைக் கேட்கவில்லை.

சோதனை இல்லாமல் தரச்சான்று கிடையாது அல்லவா? போட்டுக்கொண்டு அரைமண்டியில் ஐம்பது தடவை உட்கார்ந்து எழச் சொன்னேன். அப்பா உட்கார்ந்து எழுந்தார். சுற்றச் சொன்னேன், சுற்றினார். அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே வாசலில் இறங்கி, கையில் இருந்த துடைப்பக் கட்டையைக் கதையாகத் தோளில் போட்டு, துரியோதனன் திரைக்கு வெளியே வரும் நடையை நடந்தார். பாட்டும் தானாக வந்தது. அம்மா அடுப்பை விட்டு வெளியே வந்து நின்றார். எதிர்வீட்டு அக்கா மிஷினை நிறுத்திவிட்டார்.

2024 சித்திரை

வாத்தியார் அந்த வருஷம் மறுபடி துரியோதனனை அப்பாவிடமே கொடுத்தார். வேறு ஊர், வேறு திடல். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ராத்திரி அப்பா வேஷம் கட்டும்போது நான்தான் நாடாவைக் கட்டினேன். அதற்கு மேல் கெஜ்ஜை, அதற்கு மேல் சுற்றுத் துணிகள், பாவாடை, கட்டைகள். முகத்தில் சிவப்பு ஏறியதும் அவர் எனக்கு அப்பா மாதிரி தெரியவில்லை. கடைசியில் கிரீடம் வைப்பதற்கு முன்னால், "தொடை லேசா கீதுடா" என்றார்.

காலையில் படுகளம். வெயில் ஏறிவிட்டது. பீமன் துரத்தத் துரத்த அப்பா மண் உருவத்தைச் சுற்றி ஓடினார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தேன். எதற்குக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது சுற்றில் அப்பா காலை அகட்டி நின்று, இடது கையால் தொடையைத் தட்டி, "வாடா பீமா!" என்று ஒரு குரல் விட்டார் பாருங்கள்! சபையில் தட்டிய அதே தொடை. திடல் அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பீமன் மண்தொடையில் அடித்தான். விழ வேண்டிய நேரத்தில், விழ வேண்டிய இடத்தில், துரியோதனன் விழுந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கால்சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல் விடவில்லை. சதுரத் துண்டின் மூலைகளில் மட்டும் துணி கொஞ்சம் சாய்ந்து இழுத்திருந்தது. இழுப்பு எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டேனோ, அங்கே போயிருந்தது.

வாத்தியார் இன்னும் நான்கு கேட்டார். பீமன் வேஷக்காரர், "துரியோதனனுக்குத் தெச்சவன் பீமனுக்குத் தெக்க மாட்டியா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்று அளவு கொடுத்துவிட்டுப் போனார். துணிக்காசு மட்டும் வாங்கிக்கொண்டு லீவில் தைத்துக் கொடுத்தேன். எல்லாரின் தொடைச் சுற்றும் என் டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

கட்டையை இறக்கி வைக்கும் பேச்சை அப்பா இப்போது எடுப்பதில்லை. ஆனால் என்னை வேஷம் கட்டச் சொல்லவும் மாட்டார். ஒரு நாள் கேட்டே விட்டேன். "நீ பேண்ட் போட்டுக்கினு வேலைக்குப் போ. எனக்குச் சராய் தெச்சிக் குடு. ரெண்டும் இருக்கட்டும்" என்றார். வேலை கிடைத்து ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோ போனாலும் சித்திரை வைகாசியில் லீவு போட்டு வந்துவிட வேண்டும் என்று இப்போதே முடிவு செய்திருக்கிறேன். முதலாளி ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்!

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். அப்பா கொத்தனார், அம்மா நெசவு, மாமா ஆசாரி, தாத்தா மேளக்காரர். நாம் படிக்கும் படிப்பு அவர்கள் தொழிலை விட்டு ஓடுவதற்கான டிக்கெட் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஓடத்தான் வேண்டியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு தடவை அவர்கள் கையில் இருக்கும் வேலையை நம் டிராயிங் போர்டில் வைத்துப் பாருங்கள். தறியின் நாடாவும், உலையின் துருத்தியும், மேளத்தின் வாரும் என்ன கணக்கில் ஓடுகின்றன என்று கேளுங்கள். நாம் சொல்லிக் கொடுக்க ஒன்று இருக்கும். அவர்கள் சொல்லிக் கொடுக்க, முழங்காலுக்குக் கீழே கட்டும் நாடா மாதிரி, ஒன்று இருக்கும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷ கல்லூரி விழாவில் ஒரு ராத்திரி கூத்து வைக்க மாணவர் மன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஆடட்டும், அதோடு இதுவும் இருக்கட்டும். முன்வரிசையில் உட்காருகிறவர்கள் துரியோதனனின் காலைக் கவனியுங்கள். தைத்தவன் உங்களோடு படித்தவன்.